கதைப்பெட்டிக்கு நான் ஒட்டிய நட்சத்திரம்

போன வாரம் உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, மேடையில் உட்கார வைத்தீர்கள். விழா தொடங்கும் முன் மாடிக்குப் போய் உங்கள் வகுப்பறைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தேன். சுவர் முழுக்கப் பிள்ளைகளின் கைவேலை. ஜன்னல் ஓரமாக வரிசையாகக் கதைப்பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர். உங்களில் ஓர் இளம் ஆசிரியை பின்னாலேயே வந்து, "எல்லாம் நீங்க ஆரம்பிச்சு வச்சது மிஸ்" என்றார். நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு பொய். வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. மேடையில் சொல்லத் துணிவில்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கதைப்பெட்டி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில், மெயின் ரோட்டுக்குப் பின்னால், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் தெருவை ஒட்டிய பள்ளி எங்களுடையது. ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. அந்த வருஷம் என்னிடம் வந்த பிள்ளைகள் எல்லாரும் ஊரடங்கில் மாட்டியவர்கள். ஒன்றாம் வகுப்பை முடிக்கும் முன்பே பள்ளியை மூடினோம், திறந்தபோது அவர்கள் மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டப் பழக வேண்டிய காலம் முழுக்க வீட்டில் அடைந்து கிடந்தார்கள்.

வகுப்பில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கதைப் புத்தகங்கள் இருந்தன. வாரம் ஒன்று எடுத்துப் படித்து, படித்ததைப் பற்றி நோட்டில் எழுதி வர வேண்டும். என்ன எழுதுவார்கள் தெரியுமா? 'இந்தப் புத்தகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதில் வரும் யானை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.' வகுப்பு முழுக்க இதே இரண்டு வரி. யானையே இல்லாத புத்தகத்துக்கும் யானை பிடித்திருந்தது. எனக்குச் சலித்துவிட்டது. ஒரு பயிற்சி வகுப்பில் பார்த்த யோசனையைக் கொண்டுவந்தேன். செருப்புப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே கதையின் ஒரு காட்சியைச் செய்ய வேண்டும். அடியில் அட்டைப் பட்டைகள். பட்டையை இழுத்தால் ஆட்கள் நகர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பெட்டியோடு முன்னால் வந்து, பட்டையை இழுத்து இழுத்துக் கதையைச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னால் நட்சத்திரம்.

ஒரே மாதத்தில் வகுப்பு தலைகீழாக மாறியது. வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாம் பேச ஆரம்பித்தார்கள். இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பெட்டியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்ட வேண்டிய ஆள் வேறு.

அந்த வகுப்பில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் இருந்தாள். அப்பா டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர், துறைமுகத்துக்குள் போனால் எப்போது வெளியே வருவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா காசிமேட்டுப் பக்கம் ஷெட்டில் இறால் உரிக்கிற வேலைக்குப் போவார். ராயபுரத்திலிருந்து வாடகை கட்டுப்படியாகாமல் எங்கள் பக்கம் குடிவந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று பேரும் துவைத்த துணி உடுத்தி ராயபுரம் மாதா கோயிலுக்குக் கிளம்புவதைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்திருக்கிறேன்.

ஸ்டெல்லாவின் முதல் பெட்டியை நான் மறக்க மாட்டேன். குடை தைக்கிற ஒரு தவளையைப் பற்றிய கதை. மீன் பெட்டியின் தெர்மகோலைச் சீவி மேடு பள்ளமாகத் தெரு செய்திருந்தாள். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் குட்டை. மேலே வலை பின்னுகிற நைலான் நூலைத் தொங்கவிட்டு, பட்டையை இழுத்தால் அத்தனை நூலும் இறங்கி மழை பெய்கிற மாதிரி செய்திருந்தாள். "இப்ப பாருங்க, மழை வர்து!" என்று அவள் இழுத்தபோது வகுப்பே வாய் பிளந்தது. கதையையும் அவள் சொன்ன மாதிரி யாரும் சொன்னதில்லை. தவளைக்கு ஒரு குரல், குடை வாங்க வந்த எருமைக்கு ஒரு குரல். போனில் வீடியோ எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாலைக்குள் கட்டைவிரல்களும் கைதட்டல்களும் குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சத்துணவு சமைக்கிற அம்மா, முகத்துவாரக்குப்பத்திலிருந்து வருகிறவர், கரண்டியோடு என் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"அந்த ஸ்டெல்லாப் பொண்ணுக்கு எழுத்து தெரில டீச்சர். தெனிக்கும் வந்து இன்னிக்கு இன்னா சாப்பாடுன்னு என்னை கேக்குது. சோத்துல எழுதிகீற போர்டுக்கு நேரா நின்னுகினு கேக்குது. மத்ததுங்க அத்த பாத்துட்டு ஓடுதுங்க. இது மட்டும் கேக்குது."

'சோத்துல' என்று அவர் சொன்னது சுவரைத்தான். கூடத்துச் சுவரில் கிழமை வாரியாக உணவு என்ன என்று பெயின்டில் எழுதியிருக்கும்.

"அவ பேச்சுக்காகக் கேக்குறா. என் கிளாஸ்லயே நல்லா கதை சொல்ற பொண்ணு அவதான்" என்றேன்.

"பேசுனா படிக்கும்னு அர்த்தமா? நான்கூடத்தான் நல்லா பேசுறேன்" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. "சாம்பார் அடிபிடிக்குது, போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாம்பார் ஒன்றும் அடிபிடிக்கவில்லை. முப்பது வருஷம் பாடம் நடத்தியவளுக்குச் சமையல்காரம்மா பாடம் எடுப்பதா என்கிற திமிர்தான் எனக்கு அடிபிடித்திருந்தது. என் பணிக்காலத்தில் எனக்கு நேர்மையாக ஒரு வழி காட்டியவர் அவர் ஒருவர்தான். அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இங்கே இல்லை, வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து நடந்தது பார்வையாளர் நாள். ஒரு பெரிய அதிகாரி எங்கள் கதைப்பெட்டிகளைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. உங்களுக்கு ஒரு பழைய ரகசியம் சொல்கிறேன். பார்வைக்கு ஆள் வரும்போது நாங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வைப்போம்: கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வருகிறவர் கண்ணுக்கு வகுப்பு முழுக்கக் கை தெரியும், நாம் வலது கையாகப் பார்த்து ஒருவரை எழுப்பிவிடலாம். நீங்களும் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செய்தும் இருப்பீர்கள்.

அன்றும் அப்படித்தான். அதிகாரி பெட்டிகளை எல்லாம் பார்த்து மகிழ்ந்தார். ஸ்டெல்லாவின் மழையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, "நீங்களே புத்தகம் படிப்பீங்களா? யாரெல்லாம் படிப்பீங்க?" என்றார். எல்லாக் கையும் மேலே போனது. ஸ்டெல்லா வலது கையைத் தூக்கியிருந்தாள். அவள் பொய் சொல்லவில்லை. கதை தெரிந்தால் அது படித்ததுதான் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி நினைக்க வைத்தது நான்.

அவர் நேராக அவளிடம் போனார். தன் பையிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்து, "இதை நீ பார்த்திருக்க மாட்டே. ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டு கண்ணு" என்று கொடுத்தார். அட்டையில் ஒரு தபால்காரர், ஒரு சைக்கிள், ஒரு நாய்.

ஸ்டெல்லா புத்தகத்தைத் திறந்தாள். ஒரு நிமிஷம் படத்தைப் பார்த்தாள். பிறகு கணீரென்று ஆரம்பித்தாள். "ஒரு ஊர்ல ஒரு தபால்காரர் இருந்தார். அவருக்கு நாய்னா ரொம்ப பயம். அந்த நாய்க்கோ கடுதாசின்னா ரொம்ப ஆசை." வரியின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே சொன்னாள். பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்பினாள். அதிகாரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்தப் பக்கத்தில் அச்சாகியிருந்தது எனக்குத் தெரிந்தது. சைக்கிள் டயர் பஞ்சரானதால் தபால்காரர் மழையில் நடந்து போகிறார். நாய் அவருக்குத் துணையாக வருகிறது. அவ்வளவுதான் கதை. கடுதாசிக்கு ஆசைப்படுகிற நாய் அதில் எங்கும் இல்லை.

சமையல் அம்மாவின் பேச்சு காதுக்குள் கேட்டது. அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'சார், இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, இவளை மாதிரி இன்னும் எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது, எங்களுக்கு உதவி வேண்டும்' என்று. தலைமையாசிரியர் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி, "பிரமாதம்!" என்று அவள் தலையைத் தடவினார். நான் கை தட்டினேன். முதலில் கை தட்டியது நான்தான்.

மாலை எல்லாரும் போன பிறகு அவளை வராண்டாவில் உட்கார வைத்தேன். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்து, "படி" என்றேன். தனித்தனி எழுத்து பாதி தெரிந்தது. சேர்த்துப் படிக்க வரவில்லை. கால், கொம்பு வந்தால் திணறினாள். "அப்போ இவ்ளோ பெட்டி எப்படிடி செஞ்சே?" என்றேன்.

"பர்வீன் படிச்சி சொல்வா மிஸ். நான் அவளுக்கும் பொட்டி செஞ்சி குடுப்பேன்."

பர்வீன் அவள் பக்கத்தில் உட்காருகிற பெண். மளமளவென்று வாசிப்பாள், ஆனால் கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி படிக்க, ஒருத்தி கேட்டுக்கொண்டே வெட்டியிருக்கிறார்கள். பர்வீனின் பெட்டி முன்னேறியதைப் பார்த்து, 'சக மாணவரிடமிருந்து கற்றல்' என்று என் பதிவேட்டில் பெருமையாக எழுதியிருந்தேன். இரண்டு குழந்தைகள் சேர்ந்து என்னை ஏமாற்றவில்லை. நான் வைத்த வேலையைப் புத்தியோடு பங்கு போட்டுக்கொண்டார்கள். பெட்டியைப் பார்த்து நட்சத்திரம் ஒட்டிய நான் அந்தப் பெட்டியைத் தூர வைத்துவிட்டு ஒரு தடவையாவது புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பார்க்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ்" என்று ஸ்டெல்லா அழுதாள்.

"சொல்ல மாட்டேன். நான் கத்துத் தரேன். தினமும் சாயந்திரம் இங்கேயே உட்காரு" என்றேன். ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். பிறகு பெரிய பள்ளிக்கூடம். அங்கே ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டச் சொல்லித்தர ஆளிருக்காது. எனக்குக் கையிலிருந்தது நாலு மாதம். நாலு மாதம் போதும். இது எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ பிள்ளைகளுக்கு நாலு மாதத்தில் வாசிப்பைக் கொண்டுவந்தவள் நான்.

முதல் வாரம் ஒழுங்காக நடந்தது. ஏழாவது நாளா எட்டாவது நாளா, 'படகு' என்ற சொல்லை அவளே கூட்டிப் படித்தாள். "ப... ட... கு. படகு! மிஸ், படகு மிஸ்!" எழுந்து குதித்தாள். பிறகு வராண்டாவில் ஒட்டியிருந்த நோட்டீஸில் எங்கெங்கே 'ப' இருக்கிறது என்று தேடித் தேடித் தொட்டாள். அவளுக்கு வந்திருக்கும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அவளுக்கு நிச்சயம் வந்திருக்கும்.

அதற்குள் கடிதம் வந்துவிட்டது. அதிகாரி மெச்சிய கதைப்பெட்டி மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது. சின்னப் பெட்டி போதாது, மேசை அகலத்துக்குப் பெரிதாக வேண்டும். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "சாயந்திரம் அந்தப் பொண்ணை வச்சுக்கிட்டுதானே இருக்கீங்க? அந்த நேரத்துல இதை முடிச்சிடுங்க டீச்சர். நம்ம ஸ்கூல் பேரு" என்றார்.

மறுநாள் மாலை மேசை மேல் அட்டை, பசை, கத்தரிக்கோல் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஸ்டெல்லா கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"மிஸ், பொட்டி வாணாம் மிஸ். படிக்கலாம் மிஸ்."

"கண்காட்சி முடியட்டும் கண்ணு. ஒரு மாசந்தானே. அப்புறம் தினமும் படிக்கலாம்."

"பொட்டி எனக்கு எப்பவும் செய்ய வரும் மிஸ். படிக்கிறதுதான் வர்ல."

பத்து வயசுப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்கும் தெரிந்தது. தலைமையாசிரியர் மேல் பழி போடவும் மாட்டேன். 'முடியாது சார், பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை' என்று நான் உறுதியாகச் சொல்லியிருந்தால் அவர் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். நான் சொல்லவில்லை. எனக்கு அந்த மேடை வேண்டியிருந்தது. ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் ஒரு மேடையில் ஏற்றியதில்லை. புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தேன். கத்தரிக்கோலைக் கொடுத்தேன்.

முதல் பரிசு வந்தது. அவளுக்கு ஒரு கேடயம், எனக்கு ஒரு சால்வை. பிறகு எனக்கு ஐந்து நாள் பயிற்சி. பிறகு ஆண்டுத் தேர்வு. பிறகு தேர்தல் வேலை. ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான். ஒவ்வொரு வாரமும் 'அடுத்த வாரத்திலிருந்து' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளும் இரண்டு தடவை வந்து கேட்டாள். மூன்றாம் தடவை வரவில்லை.

வருஷக் கடைசியில் கல்வித் துறைச் செயலியில் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலையையும் பதிய வேண்டும். ஸ்டெல்லா பெயர் வந்தது. 'எழுத்துகளை மட்டும் அறிகிறார்' என்பது கீழே இருந்தது. அதை அழுத்தினால், அதிகாரி முன்னால் சரளமாகப் படித்த பிள்ளை எப்படி இப்படி ஆனாள் என்று கேள்வி வரும். என் வீடியோ, பார்வையாளர் பதிவேடு, பரிசு, எல்லாம் கேலிக்கூத்தாகிவிடும். 'சரளமாக வாசிக்கிறார்' என்பதை அழுத்தினேன். ஒரு விரல் தொட்டால் போதும், அவ்வளவு சுலபம்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் அம்மா வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், இறால் ஓடு கீறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"எம் பொண்ணு நல்லா படிக்கிதா மிஸ்? நான்தான் கைநாட்டு. அது படிச்சிட்டா போதும், வேற ஒண்ணும் வோணாம் எனக்கு" என்றார்.

"உங்க பொண்ணு ரொம்ப கெட்டிக்காரிம்மா" என்றேன். அவர் கேட்டது அதுவல்ல. அவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, முகம் மலர்ந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஆடி மாதம் பெரிய பள்ளியிலிருந்து ஒரு தமிழாசிரியை போன் செய்தார். உங்கள் வயசுதான் இருக்கும். "ஸ்டெல்லான்னு உங்க ஸ்டூடன்ட். ரெக்கார்டுல சரளமா வாசிப்பான்னு இருக்கு மேடம். ஆனா கிளாஸ்ல எழுப்பினா வாயே திறக்க மாட்டேங்குறா. வேணும்னே பண்றா. சரியான திமிரு. அங்கயும் இப்படித்தானா?"

பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று அந்தப் பள்ளியில் தினம் ஒரு மணி நேரம் தனி வகுப்பு நடந்தது. என் பதிவைப் பார்த்துவிட்டு அவளை அதில் சேர்க்கவில்லை. அந்த ஒரு போனில் எல்லாவற்றையும் சரி செய்திருக்கலாம். அவள் திமிர் பிடித்தவள் இல்லை, நான்தான் பொய் எழுதினேன் என்று சொன்னால் போதும். ஓய்வூதியக் காகிதங்கள் அப்போதுதான் மேலிடத்துக்குப் போயிருந்தன. "கொஞ்சம் கூச்ச சுபாவம் மேடம், போகப் போகச் சரியாயிடும்" என்று பூசி மெழுகினேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைக்கு வராததை வராது என்று எழுதுங்கள். அதனால் உங்களுக்கு ஒரு திட்டு விழும், ஒரு விளக்கக் கடிதம் கேட்பார்கள், இரண்டு நாள் தூக்கம் வராது. அவ்வளவுதான். வரும் என்று பொய்யாக எழுதினால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர யாருக்கும் காரணமே இருக்காது. பிள்ளை சோம்பேறி, திமிர் பிடித்தது என்று அடுத்த ஆள் நினைப்பார். அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் நாம் எழுதிக் கொடுக்கிறோம்.

ஓய்வு பெற்ற பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கதைப்பெட்டியை எல்லாப் பள்ளிகளிலும் செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை போயிருந்ததை நீங்கள் அறிவீர்கள். இரண்டு மாதம் முன்பு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கலர் பேப்பர் வாங்க ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் கவர் போட்டுக் கதைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"ரெடிமேடா கீது மேடம். இன்னா கதை வோணும் சொல்லு, நாளைக்கே வந்துடும். எல்லா ஸ்கூல் பசங்களும் இங்கதான் வாங்குறாங்கோ" என்றார் கடைக்காரர்.

"யார் செய்றாங்க?"

"எம்.கே.பி. நகர்ல ஒரு பொண்ணு. ஸ்டெல்லான்னு. சின்னப் பொண்ணுதான், ஆனா கை இருக்கே, சோக்கா செய்யும்."

திருவொற்றியூரிலிருந்து அங்கே குடிமாறியிருக்கிறார்கள் போலிருக்கிறது. விலாசம் வாங்கிக்கொண்டு அடுத்த நாளே போனேன். புதன்கிழமை, காலை பதினொரு மணி, பள்ளிக்கூட நேரம். குடியிருப்பின் இரண்டாம் மாடி. கதவு திறந்திருந்தது. சுவர் ஓரமாகச் செருப்புப் பெட்டிகள், நடுவில் பாயில் ஸ்டெல்லா. ஏழாம் வகுப்பு உயரம் வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, "மிஸ்! உள்ள வாங்க மிஸ்! குந்துங்க" என்று ஒரே நாற்காலியிலிருந்த பெட்டிகளைத் தள்ளிவிட்டாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

"ஸ்கூலுக்குப் போகலையா?"

"பேரு கீது மிஸ். எப்பனா போவேன்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். "நான் இப்ப சும்மாதான் இருக்கேன். வாரத்துல மூணு நாள் வரேன். நாலே மாசம். உனக்குப் படிக்கக் கத்துத் தரேன் ஸ்டெல்லா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வாணாம் மிஸ். க்ளாஸ்ல எல்லாம் சிரிச்சிட்டாங்க. 'பரிசு வாங்குன பொண்ணு'ன்னு சொல்லி சொல்லி சிரிச்சாங்க. அத்தோட உட்டுட்டேன். இதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல மிஸ்."

"நான் பண்ணது தப்பு" என்றேன்.

"ஐய, இன்னா மிஸ் நீங்க" என்று எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதற்குள் அவள் போனில் ஏதோ வந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள். யாரோ ஒரு பிள்ளையின் அம்மா, கதைப் புத்தகத்தின் நாலு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கதையைப் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள் என்றால் சிலர் கேட்பதில்லையாம்.

"கீழ் வூட்டு அக்கா படிச்சி சொல்லும் மிஸ். அது வேலைக்கு பூட்ச்சி. காலைல பொட்டி குடுத்தாவணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு போனை நீட்டினாள். "நீங்க படிச்சி சொல்றீங்களா மிஸ்?"

வாங்கினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கான கதை, கிணற்றுக்குள் விழுந்த நிலாவை எடுக்கப் போன ஆட்டைப் பற்றியது. மேலே பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் எழுதியிருந்தது. அது உங்கள் பள்ளி. நான் படிக்க ஆரம்பித்தேன். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். நடுவில் ஒருமுறை, "ஆடு எந்தப் பக்கம் பாத்து நிக்கிது?" என்று கேட்டாள், சொன்னேன். நான் முடிக்கும்போது ஆடு தயாராக இருந்தது.

"நாளன்னிக்கும் வருவீங்களா மிஸ்? இன்னும் ரெண்டு ஆர்டர் கீது."

வருகிறேன் என்றேன். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போய்க்கொண்டிருக்கிறேன். நான் படிக்கிறேன், அவள் வெட்டுகிறாள். போன திங்கட்கிழமை மெதுவாகப் போனை அவள் பக்கம் திருப்பி, முதல் சொல்லின் கீழே விரலை வைத்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை.

"நீங்களே படிங்க மிஸ்," என்றாள், "நேரமாவுது."